ஸ்டார் ஃப்ரெஷ்மேனா, நாலஞ்சு வருஷம் ஆடுன பசங்களா? காலேஜ் பாஸ்கெட்பால்ல டியூக் தோத்ததுல இருந்து மண்டைக்குள்ள ஓடுற கேள்வி

கேரி_கார்த்தி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். 2025 என்பிஏ டிராஃப்ட் (என்பிஏ டீம்கள் புது ஆட்டக்காரங்களை வரிசையா எடுக்கிறது) முடிஞ்சிடுச்சு. டியூக் ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல அஞ்சு பேரையுமே எடுத்துட்டாங்க. கூப்பர் ஃப்ளாக் முதல் ஆளா டல்லாஸுக்கு, கான் க்நூப்பல் நாலாவது, கமான் மலுவாச் பத்தாவது, ரெண்டாவது ரவுண்டுல சையன் ஜேம்ஸ், டைரீஸ் ப்ராக்டர். இங்க டியூக் இருக்குற நார்த் கரோலினால, கேரி, டர்ஹாம் பக்கம் எல்லாரும் அதைப் பெருமையா பேசிட்டு இருக்காங்க, எனக்கு மட்டும் ஏப்ரல் 5 சான் அன்டோனியோ, ஹூஸ்டன் காலேஜ் கூட ஆடுன என்சிஏஏ டோர்னமென்ட் (காலேஜ்களோட தேசியப் போட்டி) செமி ஃபைனல், இன்னும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

எட்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது 14 பாயின்ட் லீட். நான் சோஃபால இருந்து எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போனேன், ஜெயிச்சாச்சுன்னே நினைச்சுட்டேன். அதுக்கப்புறம் ஹூஸ்டன் வந்து 70-67னு முடிச்சுட்டாங்க. சீசன் ரெக்கார்டு 35-4, ஆனா கையில கோப்பை இல்ல.

நம்ம கேள்வி இதுதான். ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல மூணு பேர் ஃப்ரெஷ்மேன், அதாவது காலேஜ்ல முதல் வருஷம், பதினெட்டு பத்தொம்பது வயசு பசங்க. எவ்ளோ பெரிய திறமையா இருந்தாலும் இப்படி மூணு பேரை வெச்சு ஏப்ரல்ல ஜெயிக்க முடியுமா? என் கருத்து, ஒரு டீமுக்கு ரெண்டு ஸ்டார் ஃப்ரெஷ்மேன் போதும், மீதி மூணு பேரும் மூணு வருஷம் நாலு வருஷம் காலேஜ்ல அடி வாங்குன ஆளுங்களா இருக்கணும். நீங்க எல்லாம் என்ன நினைக்கிறீங்க, சொல்லுங்க.

லெக்ஸிங்டன்_மாமா

கார்த்தி தம்பி, நீங்க ஒரு ராத்திரிக்கு இவ்ளோ வருத்தப்படுறீங்க, நான் கென்டக்கி ஆளு, பதினஞ்சு வருஷமா இதே கதையைத்தான் பாக்குறேன். கோச் காலிபாரி 2009ல இங்க வந்தாரு. முதல் வருஷமே ஜான் வால், டிமார்கஸ் கசின்ஸ், எரிக் பிளெட்சோன்னு மூணு ஃப்ரெஷ்மேன், ஊரே கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. எலைட் எய்ட்ல (கடைசி எட்டு டீம் ஆடுற ரவுண்டு) வெஸ்ட் வர்ஜீனியா ஸோன் டிஃபென்ஸ் போட்டு உக்காந்துட்டாங்க, நம்ம பசங்க 32 த்ரீ (தூரத்துல இருந்து மூணு பாயின்ட் ஷாட்) போட்டு 4தான் உள்ள போச்சு. முதல் இருபதும் மிஸ். ஒவ்வொரு ஷாட்டும் ரிம்முல பட்டு வெளிய வரும்போது அந்த முகங்களைப் பாக்கணுமே, அதுவரைக்கும் வாழ்க்கையில தோத்தே பழக்கமில்லாத பசங்க, என்ன பண்றதுன்னே தெரியல அவங்களுக்கு.

அப்புறம் 2012. எல்லாரும் ஆந்தனி டேவிஸ் பேரைத்தான் சொல்வாங்க. ஆனா கன்சாஸை 67-59 ஜெயிச்ச அந்த ஃபைனல்ல டேவிஸ் 10 ஷாட்ல ஒண்ணுதான் போட்டான், மொத்தம் 6 பாயின்ட். ரீபவுண்ட் 16, பிளாக் 6ன்னு வேற வழியில மேட்சைப் பிடிச்சு வெச்சான்ங்கிறது வேற விஷயம், மோஸ்ட் அவுட்ஸ்டாண்டிங் பிளேயர் பட்டமும் அவனுக்குத்தான், அது நியாயம்தான். ஸ்கோர் பண்ணது யாருன்னா ரெண்டாவது வருஷ பையன் டொரான் லாம்ப், 22 பாயின்ட். டெரன்ஸ் ஜோன்ஸும் ரெண்டாவது வருஷம். பெஞ்சுல இருந்து டேரியஸ் மில்லர், சீனியர், கென்டக்கி மண்ணுல பொறந்த பையன், நாலு வருஷம் இருந்துட்டு கடைசி வருஷத்துல ஸ்டார்ட்டிங் இடத்தை ஃப்ரெஷ்மேனுக்கு விட்டுக் குடுத்து ஆறாவது ஆளா வந்து ஆடுனான். எங்க ஊர்ல இன்னைக்கும் அவன் பேரைச் சொன்னா பெரியவங்க ஒரு மாதிரி அமைதியாயிடுவாங்க.

அடுத்த வருஷமே அந்தப் பெரிய பசங்க யாரும் இல்ல. நெர்லன்ஸ் நோயலுக்கு முட்டி போச்சு, என்சிஏஏ டோர்னமென்ட்ல இடம் கிடைக்காதவங்க ஆடுற என்ஐடில முதல் ரவுண்டுல ராபர்ட் மோரிஸ் கிட்ட 59-57. போன வருஷ சாம்பியன், ராபர்ட் மோரிஸ் கிட்ட. அதை இன்னும் என்னால ஜீரணிக்க முடியல.

மெட்ராஸ்_பிவட்

அண்ணன்களே, நான் சென்னைல இருந்து பாக்குறவன். அந்த டியூக்-ஹூஸ்டன் மேட்ச் இங்க ஞாயித்துக்கிழமை காலைல ஆறே கால் ஆறரைக்கு ஆரம்பிச்சுது, காபி ஆறுனது கூட தெரியாம பாத்துட்டு இருந்தேன். ஒரு அடிப்படை சந்தேகம். ஃப்ளாக் மாதிரி பையன் ஒரே ஒரு வருஷம் மட்டும் ஆடிட்டுப் போயிடுவான்னு தெரிஞ்சே எதுக்கு காலேஜ் எடுக்குது? அவனும் எதுக்கு வர்றான், நேரா என்பிஏ போயிட வேண்டியதுதானே, கோபி, லெப்ரான் எல்லாம் ஸ்கூல்ல இருந்து நேராத்தானே போனாங்க?

எடிசன்_எக்ஸ்பிரஸ்

தம்பி, அவங்க காலத்துல போகலாம். 2005ல என்பிஏவும் பிளேயர் யூனியனும் போட்ட ஒப்பந்தத்துல வயசு ரூல் வந்துச்சு. 2006 டிராஃப்ட்ல இருந்து, அந்த வருஷத்துக்குள்ள 19 வயசு ஆகணும், அமெரிக்கப் பையன்னா ஸ்கூல் முடிச்சு ஒரு வருஷமும் ஆகியிருக்கணும். அதனால அந்த ஒரு வருஷத்தை எங்கயாவது கழிக்கணும், பெரும்பாலும் காலேஜ்ல கழிக்கிறாங்க. இதைத்தான் ஒன் அண்ட் டன்னு சொல்றாங்க.

காலேஜ் ஏன் எடுக்குதுங்கிறதுக்கு எங்க ரட்கர்ஸ் கதையைச் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், மன்னிச்சுக்கங்க.

எங்க வீட்ல இருந்து பிஸ்கேட்டவே அரீனா பதினஞ்சு நிமிஷம். எட்டாயிரம் சீட்டுதான், ஆனா சுவரெல்லாம் சாஞ்சு தலைமேல வந்து நிக்கிற மாதிரி இருக்கும், கத்துனா சத்தம் வெளிய போகாது. 1991க்கு அப்புறம் முப்பது வருஷமா என்சிஏஏ டோர்னமென்ட் பக்கமே போகாத டீம் இது. 2021ல போச்சு. கூட்டிட்டுப் போனது யாரு? ஜியோ பேக்கர், ரான் ஹார்ப்பர் ஜூனியர் மாதிரி பசங்க. பெரிய ரேங்கிங் எதுவும் கிடையாது. வருஷா வருஷம் அதே ஆளுங்க, அதே கோச், ஒருத்தன் எங்க ஓடுவான்னு இன்னொருத்தனுக்குக் கண்ணை மூடிட்டே தெரியும். கிளெம்சனை ஜெயிச்சுட்டு, ஹூஸ்டன் கிட்ட 63-60னு தோத்தாங்க. அதுக்கடுத்த டிசம்பர், நம்பர் ஒன் பர்டூ வந்தப்போ ஹார்ப்பர் ஜூனியர் ஹாஃப் கோர்ட் பக்கத்துல இருந்து பஸ்ஸர்ல போட்டான் பாருங்க, பக்கத்து சீட்டுல இருந்த முன்ன பின்ன தெரியாத வெள்ளைக்காரத் தாத்தா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாரு.

இப்போ அவன் தம்பி டிலன் ஹார்ப்பர் 2024ல வந்தான். கூட ஏஸ் பெய்லி. நாட்டுலயே டாப் அஞ்சுக்குள்ள இருந்த ரெண்டு பசங்க எங்க ரட்கர்ஸுக்கு! டிக்கெட் கிடைக்கவே இல்ல. நவம்பர்லயே கென்னசா ஸ்டேட் கிட்ட தோத்தோம். சீசன் முடிவுல 15-17. டோர்னமென்ட் கிடையாது. டிராஃப்ட்ல டிலன் ரெண்டாவது, பெய்லி அஞ்சாவது. ஒரே டீம்ல ரெண்டு டாப் ஃபைவ் பிக் இருந்தும் தோல்வி ஜாஸ்தி.

அந்தப் பசங்க மேல எனக்கு ஒரு துளி கோவம் கிடையாது, டிலன் உடம்பு சரியில்லாமயும் ஆடுனான். தப்பு அவங்களைச் சுத்தி யாரு இருந்தாங்கங்கிறதுலதான். ஒருத்தனை எதிர் டீம்ல ரெண்டு பேர் சேந்து மடக்கும்போது கார்னர்ல நின்னு த்ரீ போட ஒரு ஆள், டிஃபென்ஸ்ல தப்பான ஆளு பக்கம் போகும்போது சட்டையைப் பிடிச்சு இழுக்க ஒரு ஆள், ரெண்டுமே பத்தல. அந்த மாதிரி ஆள் எங்ககிட்ட இருந்தான், கேம் ஸ்பென்சர், 2022-23ல எங்க சட்டைதான் போட்டிருந்தான். அடுத்த வருஷம் யூகான் போயி சாம்பியன் ஆயிட்டான்.

கேரி_கார்த்தி

எடிசன் அண்ணா, இது ரட்கர்ஸுக்கு மட்டும் நடந்தது இல்ல. மார்கெல் ஃபுல்ட்ஸ் 2017ல முதல் பிக், அவன் ஆடுன வாஷிங்டன் 9-22. பென் சிம்மன்ஸ் 2016ல முதல் பிக், எல்எஸ்யூ டோர்னமென்ட் போகவே இல்ல. ஆந்தனி எட்வர்ட்ஸ் 2020ல முதல் பிக், ஜார்ஜியா 16-16. அதனாலதான் சொல்றேன், ஸ்டாருக்கு லிமிட் வேணும்.

ஹூஸ்டன்_சுபா

வணக்கம். நான் ஹூஸ்டன்ல இருக்கேன், அதனால என்னை யாரும் திட்டாதீங்க. கார்த்தி, உங்க வருத்தம் புரியுது, ஆனா அந்தக் கடைசி ஒரு நிமிஷத்தை நீங்க திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா? நான் குறைஞ்சது இருபது தடவை பாத்திருப்பேன். ஏன்னா என் பையன் பாயின்ட் கார்டு, வீட்ல அதைப் போட்டு போட்டு நிறுத்தி நிறுத்திப் பாத்தோம்.

33 செகண்ட் இருக்கும்போது இமானுவேல் ஷார்ப் த்ரீ போட்டு 67-64 ஆக்குறான். டியூக் இன்பவுண்ட் பண்ணணும், அவ்ளோதான். பந்தை உள்ள போட்டது யாரு? சையன் ஜேம்ஸ். துலேன்ல நாலு வருஷம் ஆடிட்டு வந்த அஞ்சாவது வருஷ ஆளு. அந்தப் பாஸ் போயிடுச்சு. ஹூஸ்டன் த்ரீ போட்டு மிஸ் ஆகி, டக்ளர் அதைப் பிடிச்சு டங்க், 67-66. அடுத்து டைரீஸ் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோ லைன்ல. மூணாவது வருஷம். ஒன் அண்ட் ஒன், அதாவது முதல் ஷாட் உள்ள போனாத்தான் ரெண்டாவது கிடைக்கும், அதுல முதல்லயே மிஸ். அந்த ரீபவுண்டுலதான் ஃப்ளாக் மேல ஃபவுல் வந்துச்சு, ஜேவான் ராபர்ட்ஸ் ரெண்டையும் உள்ள போட்டான்.

ஃப்ளாக் கடைசி ஷாட் மிஸ் பண்ணான், உண்மைதான். ஆனா அந்த மேட்ச்ல 27 பாயின்ட் போட்டவனும் அவன்தான். பதினெட்டு வயசு பசங்க தோக்கடிச்சாங்கன்னு சொல்றது அவங்களுக்குப் பண்ற அநியாயம். கை நடுங்குனது உங்க பெரிய பசங்களுக்கு.

ஜேவான் ராபர்ட்ஸ் பத்தி ஒண்ணு சொல்லணும். 2019ல ஹூஸ்டன் வந்தான். ஆறு வருஷம் ஒரே காலேஜ், ஒரே கோச் கெல்வின் சாம்ப்சன். ஃப்ரீ த்ரோல அவ்ளோ நம்பிக்கையான ஆளே கிடையாது. அந்த ரெண்டு ஷாட்டுக்கு முன்னாடி அவன் முகத்தைப் பாத்தீங்கன்னா, நூறு தடவை பண்ண வேலையை நூத்தியோராவது தடவை பண்ணப் போற மாதிரி இருந்துச்சு.

ஸ்கார்பரோ_தம்பி

சுபா அக்கா சொன்னதிலதான் விஷயம் இருக்கு, ஆனா அவ அதைக் கடைசி வரியில விட்டுட்டா. நான் என்ன சொல்ல வாறன் எண்டா, நீங்கள் எல்லாரும் அனுபவம் எண்டு சொல்லேக்க வயசைத்தான் கணக்குப் பாக்கிறியள். இருபத்திரண்டு வயசு எண்டா அனுபவம், பதினெட்டு எண்டா அனுபவம் இல்லை. அது பிழையான அளவுகோல் எண்டு நான் நினைக்கிறன்.

சையன் ஜேம்ஸ் அஞ்சாவது வருஷம், சரி. டியூக்கில எத்தினையாவது வருஷம்? முதலாவது. மேசன் கில்லிஸ் பர்டூவில இருந்து வந்தவர், மலிக் பிரவுன் சிரக்கியூஸில இருந்து. எல்லாரும் பெரிய பொடியள், ஆனா ஃப்ளாக் எப்ப வந்தானோ அப்பதான் இவங்களும் வந்தவங்கள். ஆக அந்த முக்கியமான ரொட்டேஷனில, முதல் வருஷக்காரர்தான் பெரும்பாலும், ப்ராக்டரையும் கேலப் ஃபொஸ்டரையும் தவிர.

இப்ப ஹூஸ்டனைப் பாருங்கோ, ராபர்ட்ஸ் ஆறு வருஷம். ஷார்ப் நாலு வருஷம் அங்கதான். கிரையர் பேய்லரில இருந்து வந்தவர், ரெண்டாவது வருஷம். உஸான் மட்டும்தான் புதுசு. உவங்கள் ஆளை ஆள் அறிஞ்சவங்கள்.

நான் இங்க கம்யூனிட்டி சென்டரில 15 வயசுப் பொடியளுக்கு ஞாயிற்றுக்கிழமையில பழக்கிறனான். ஒரு சின்ன விஷயம் சொல்லுறன். பந்து வச்சிருக்கிறவனைக் காவல் காக்கிறவனுக்குப் பின்னால நடக்கிறது தெரியாது. ஸ்கிரீன் (வழியை மறிச்சு நிக்க வாற எதிராளி) வருகுது எண்டு பின்னால நிக்கிற பெரிய ஆள்தான் கத்த வேணும். எப்ப கத்திறது எண்டதுதான் முழு விஷயமும். முன்னமே கத்தினா எதிராளி திசையை மாத்திப் போடுவான், பிந்திக் கத்தினா இவன் போய் மோதி விழுவான். அந்த நேரம் ஆளுக்கு ஆள் வித்தியாசம், ஒருத்தன் கெதியாத் திரும்புவான், ஒருத்தனுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். என்ர ரெண்டு பொடியள் மூண்டு வருஷமா ஒண்டா ஆடினவங்கள், அதில பெரியவன் இப்ப கத்திறதே இல்லை, இடுப்பில ஒரு தட்டுத் தட்டுவான், மற்றவன் திரும்பிடுவான். நல்ல கெட்டிக்காரப் பொடியன் ஒருத்தன் புதுசா வந்தான், அவனை அந்த இடத்தில போட்டா முதல் மாசம் முழுக்க மோதல்தான். வயசு ஒண்டுதான், திறமையும் கூட. ஆனா அந்தத் தட்டு அவனுக்கு விளங்காது.

புளோரிடாவைப் பாருங்கோ, அவைதான் கப் எடுத்தவை, ஹூஸ்டனை 65-63. டிரான்ஸ்ஃபர் டீம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். வால்டர் கிளேட்டன் அயோனாவில இருந்து, வில் ரிச்சர்ட் பெல்மொன்டில இருந்து. ஆனா கிளேட்டனுக்கு அது புளோரிடாவில ரெண்டாவது வருஷம், ரிச்சர்டுக்கு மூண்டாவது. கிளேட்டன் முதல் பாதியில ஒரு பொயின்டும் இல்லை, ஒருத்தரும் பதறேல்லை, அந்த நேரம் ரிச்சர்ட் தூக்கி நிறுத்தினவர். ரெண்டாம் பாதியில 12 பொயின்ட் பின்னுக்கு நிண்டு திரும்பி வந்தவை.

லெக்ஸிங்டன்_மாமா

ஸ்கார்பரோ தம்பி, அருமையா சொன்னீங்க, அந்த இடுப்புத் தட்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு மறுப்பு. 2015 டியூக்கை என்ன பண்ணுவீங்க? விஸ்கான்சின் ஃபைனல், 68-63. டியூக்கோட 68ல 60 பாயின்ட் ஃப்ரெஷ்மேன் நாலு பேரு போட்டது. டயஸ் ஜோன்ஸ் 23, கிரேசன் ஆலன் 16, வின்ஸ்லோ 11, ஒகஃபோர் 10. ஒம்போது பாயின்ட் பின்னாடி இருந்தப்போ பெஞ்சுல இருந்து வந்த ஆலன் வரிசையா எட்டு பாயின்ட் போட்டான். எதிர்ல நின்னது ஃப்ராங்க் கமின்ஸ்கி, சீனியர், அந்த வருஷம் நாட்டோட சிறந்த பிளேயர். எங்க 38-0 கென்டக்கியை ரெண்டு நாள் முன்னாடி வீட்டுக்கு அனுப்புன டீம் அது. ஒண்ணா வளந்த டீம்தான் ஜெயிக்கும்னா அன்னைக்கு விஸ்கான்சின் ஜெயிச்சிருக்கணும்.

ஸ்கார்பரோ_தம்பி

மாமா, நல்ல கேள்வி. 2015 டியூக்கில குவின் குக் எண்டு ஒருத்தர் இருந்தவர். சீனியர், கேப்டன். அதுக்கு முதல் பொயின்ட் கார்டா ஆடினவர். டயஸ் ஜோன்ஸ் வந்தவுடனை பந்தை அவனிட்டக் குடுத்திட்டு தான் பக்கத்தில போய் ஷூட்டரா நிண்டவர். ஃபைனலில அவற்ற பேரில 6 பொயின்ட்தான் எழுதியிருக்கு. ஆனா நாலாவது வருஷக்காரன் முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு நிண்டிருந்தா, அந்தப் பதினெட்டு வயசுப் பொடியன் அப்பிடிச் சுதந்திரமா ஆடியிருப்பானோ? நீங்கள் சொன்ன டேரியஸ் மில்லரும் அதே கதைதானே.

2019 டியூக்கில சையன் வில்லியம்சன், எங்கட மிசிசாகாப் பொடியன் ஆர்ஜே பாரெட், கேம் ரெடிஷ், ட்ரே ஜோன்ஸ். அதைவிடத் திறமையான கூட்டம் வருமோ தெரியாது. நாங்கள் இங்க டிம் ஹோர்டன்ஸில கும்பலா நிண்டு கதைச்ச டீம். எலைட் எய்ட்டில மிச்சிகன் ஸ்டேட்டிட்ட 68-67. ஒரு பொயின்ட். அந்த டீமில குவின் குக் மாதிரி ஆள் ஆர் எண்டு கேட்டா எனக்கு ஒரு பேரும் வாயில வரேல்லை.

அந்த வருஷம் கப் எடுத்தது வர்ஜீனியா. அதுக்கு முதல் வருஷம் தரவரிசையில கடைசி இடமான நம்பர் 16இல இருந்த யூஎம்பிசியிட்ட 74-54 எண்டு அடி வாங்கின அதே பொடியள். கைல் கை, டை ஜெரோம். அந்த அவமானத்தை ஒண்டாச் சேந்து விழுங்கினவங்கள். பிறகு கடைசி மூண்டு மேட்சிலயும் கடைசி செகண்டில பதறாமல் நிண்டாங்கள் எண்டா அதுக்குக் காரணம் இருக்கு.

ஹூஸ்டன்_சுபா

இதைப் படிச்சதும் என் வீட்டுக் கதையையும் சொல்லணும்னு தோணுது, ரெண்டு மூணு மாசமா யார்கிட்டயும் சொல்லல.

என் பையன் இந்த வருஷம் பிளஸ் டூ மாதிரி சீனியர் இயர் முடிச்சான். ஆறடி ஒண்ணு. ஸ்டார் எல்லாம் கிடையாது, ஆனா நல்லா ஆடுவான், டிஃபென்ஸ் ஆடுவான், படிப்பும் நல்லா வரும். போன வருஷம் ஒரு டிவிஷன் ஒன் காலேஜ் கோச் வீட்டுக்கே வந்து, நான் பண்ணுன லெமன் ரைஸ் சாப்பிட்டு, உங்க பையனுக்கு எங்க கிட்ட இடம் இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. நாங்க வேற யாருக்கும் பதில் சொல்லாம இருந்தோம். ஏப்ரல்ல ஃபோன். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல (காலேஜ் மாற நினைக்கிறவங்க பட்டியல்) இருந்து 23 வயசு ஆளு ஒருத்தர் கிடைச்சுட்டாரு, ரொம்ப சாரின்னு மூணு நிமிஷத்துல முடிச்சுட்டாரு. பையன் ஃபோனை வெச்சுட்டு கராஜுக்குப் போயி டிரிபிள் பண்ணிட்டே இருந்தான். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அந்தச் சத்தம். நானும் அவங்க அப்பாவும் கிச்சன்ல உக்காந்திருந்தோம், உள்ள போக தைரியம் வரல.

நீங்க எல்லாரும் ஸ்டாரா அனுபவமான்னு பேசுறீங்க. ஸ்டாருக்கு எப்பவும் இடம் இருக்கு. அனுபவசாலிக்கு இப்ப கூடுதலா இடம் இருக்கு. நடுவுல இருக்குற சாதாரணப் பையன், நாலு வருஷம் கழிச்சு டேரியஸ் மில்லரா ஆகக் கூடியவன், அவன் உள்ள வர்ற கதவுதான் மூடிட்டே வருது.

எடிசன்_எக்ஸ்பிரஸ்

சுபா அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்க.

மெட்ராஸ் தம்பி மாதிரி புதுசா பாக்குறவங்களுக்காக இது ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்றேன். முன்னாடி காலேஜ் மாறுனா ஒரு வருஷம் ஆடாம வெளிய உக்காரணும். 2018 அக்டோபர்ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்துச்சு, 2021ல ஒரு தடவை மாறலாம், உக்கார வேண்டாம்னு ஆச்சு, 2024ல எத்தனை தடவை வேணாலும் மாறலாம்னு ஆயிடுச்சு. 2021 ஜூலைல இருந்து என்ஐஎல், அதாவது பசங்க தன் பேரை வெச்சு காசு சம்பாதிக்கலாம். கொரோனா வருஷத்துல ஆடுனவங்க எல்லாருக்கும் ஒரு வருஷம் எக்ஸ்ட்ரா குடுத்தாங்க, அதனால 23, 24 வயசு ஆளுங்க நிறைய இருந்தாங்க. 2025 ஜூலைல இருந்து காலேஜே நேரடியா பசங்களுக்குப் பணம் குடுக்கலாம், முதல் வருஷத்துல ஒரு காலேஜுக்கு எல்லா ஸ்போர்ட்டும் சேத்து சுமார் 2.05 கோடி டாலர் வரைக்கும்.

பசங்களுக்குக் காசு வர்றது எனக்கு முழு சம்மதம், அவங்க உழைப்புல ஊரே சம்பாதிச்சுது. ஆனா கோச்சோட நிலைமையை யோசிங்க. ஒரு பதினெட்டு வயசு பையனை எடுத்து ரெண்டு வருஷம் வளத்தா, மூணாவது வருஷம் இன்னொருத்தன் அதிகப் பணம் காட்டிக் கூட்டிட்டுப் போயிடுவான். அதுக்கு வளந்த ஆளையே வாங்கிடலாமேன்னு நினைக்கிறாங்க. ஆனா எல்லாரும் வாங்குறவங்களாவே இருந்தா வளக்குறது யாரு?

மெட்ராஸ்_பிவட்

எடிசன் அண்ணா, இப்பதான் முழுசா புரியுது. நான் இன்னொரு பக்கம் காட்டுறேன், யாரும் பெண்கள் பாஸ்கெட்பால் பத்தி இன்னும் பேசல. அங்க ஒன் அண்ட் டன்னே கிடையாது. டபிள்யூஎன்பிஏ டிராஃப்டுக்கு அமெரிக்கப் பொண்ணுங்க 22 வயசு ஆகணும், இல்லன்னா படிப்பு முடிச்சிருக்கணும். அதனால ஸ்டாரும் மூணு நாலு வருஷம் இருக்காங்க. 2025 ஃபைனல்ல யூகான் சவுத் கரோலினாவை 82-59. சாரா ஸ்ட்ராங் ஃப்ரெஷ்மேன், 24 பாயின்ட் 15 ரீபவுண்ட். பக்கத்துல பெய்ஜ் பக்கர்ஸ், அஸி ஃபட், ரெண்டு பேரும் அடிபட்டு, முட்டி ஆபரேஷன் பண்ணி, அங்கயே காத்திருந்து ஆடுனவங்க. ஸ்ட்ராங் ஆடுறதைப் பாத்தா தோள்ல எந்தப் பாரமும் இல்லாத மாதிரி இருந்துச்சு, ஏன்னா பாரத்தைத் தூக்க பக்கத்துலயே ரெண்டு அக்காங்க இருந்தாங்க.

நானும் இங்க காலேஜ் டீம்ல பிவட் ஆடுனவன். முதல் வருஷம் போஸ்ட்ல பந்து வாங்கவே தெரியாது, உயரம் இருக்குன்னு எடுத்தாங்க. மூணாவது வருஷ சீனியர் அண்ணன் ஒருத்தர் தினமும் பிராக்டிஸ் முடிஞ்சு அரை மணி நேரம், முதுகால எப்படி ஆளைத் தடுத்து வெக்கிறதுன்னு சொல்லிக் குடுப்பாரு. என் இடத்துக்குப் போட்டியே அவர்தான். எனக்கு சொல்லிக் குடுத்து சொல்லிக் குடுத்து அவர் இடத்தை நானே எடுத்துக்கிட்டேன். ஃபைனல் அன்னைக்கு பெஞ்சுல இருந்து "இடது கால், இடது கால்"னு அவர் கத்துனது இன்னும் காதுல கேக்குது.

கேரி_கார்த்தி

எல்லாரும் எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டு ஃப்ரெஷ்மேன், மூணு சீனியர்னு நான் ஆரம்பிச்ச கணக்கு தப்புன்னு ஒத்துக்கிறேன். சுபா அக்கா அந்த இன்பவுண்டைச் சொன்னப்புறம் நேத்து ராத்திரி மறுபடி போட்டுப் பாத்தேன். கடைசி பத்து நிமிஷத்துல டியூக் ஒரே ஒரு ஃபீல்டு கோல். அந்த நேரம் பூரா ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பாத்துட்டு நிக்கிறாங்க, பந்து ஃப்ளாக் கைக்கு வந்து சேந்ததும் மீதி நாலு பேரும் நகராம நிக்கிறாங்க. அது வயசு இல்ல, ஸ்கார்பரோ தம்பி சொன்ன அந்த இடுப்புத் தட்டு இல்லாததுதான்.

யூகான் 2024 டீம்தான் என் மனசுல வந்துட்டே இருக்கு. ஸ்டெஃபன் காசில், ஃப்ரெஷ்மேன், டிராஃப்ட்ல நாலாவதா போனவன், 2025ல என்பிஏ ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுகம்). அப்படிப்பட்டவனுக்கு கோச் ஹர்லி அங்க குடுத்த வேலை எதிர் டீம் கார்டைக் கட்டிப் போடுறது. ஸ்கோர் பண்ண நியூட்டன், ஸ்பென்சர், கராபன், கிளிங்கன் இருந்தாங்க. இதுல நியூட்டன், கராபன், கிளிங்கன் மூணு பேரும் முந்தின வருஷமே அங்க கப் எடுத்தவங்க. அவனும் முகம் சுளிக்காம அதைப் பண்ணான். 37-3.

அப்போ டியூக் கோச் ஷேயர் கிட்ட நான் எதிர்பாக்குறது வேற. 2025-26 சீசனுக்கு கேமரன் பூசர், கேடன் பூசர் வர்றாங்க, முன்னாள் என்பிஏ ஆட்டக்காரர் கார்லோஸ் பூசரோட இரட்டைப் பசங்க, அவங்களைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். எனக்கு அதைவிட சந்தோஷம் என்னன்னா ஃபொஸ்டர் திரும்பி வர்றான், ஐசேயா எவன்ஸ் டிராஃப்டுக்குப் போகாம தங்கிட்டான், பேட்ரிக் எங்கோங்பா இருக்கான், மலிக் பிரவுனும் இருக்கான். சான் அன்டோனியோல தலையில டவல் போட்டு உக்காந்திருந்த பசங்க. ஃபொஸ்டர் போன சீசன்ல ஸ்டார்ட்டிங் இடத்தை இழந்துட்டு பெஞ்சுல இருந்தவன், போர்ட்டல்ல ஏறிப் போயிருக்கலாம், எத்தனையோ காலேஜ் கூப்பிட்டிருக்கும், போகல. அவனுக்காகவாவது டியூக்கோட அரீனா கேமரன் இண்டோர்க்கு ஒரு தடவை போயி நின்னு கத்தணும்.

லெக்ஸிங்டன்_மாமா

கார்த்தி தம்பி, ஒரு கென்டக்கிக்காரன் டியூக்குக்கு வாழ்த்து சொல்றது இதுதான் முதல் தடவை. 1992ல டியூக்கோட லேட்னர் கடைசி செகண்ட்ல எங்களைத் தோக்கடிச்ச ஷாட்டை மன்னிக்கலன்னாலும் ஃபொஸ்டருக்கு வாழ்த்துகள்.

சுபாம்மா, உங்களுக்கு ஒண்ணு. 2024ல எங்களை டோர்னமென்ட் முதல் ரவுண்டுலயே அனுப்புனது ஓக்லண்ட், 80-76. எங்க பக்கம் ரீட் ஷெப்பர்ட், ராப் டில்லிங்ஹாம், ரெண்டு பேரும் டாப் டென் பிக். அவங்க பக்கம் ஜாக் கோல்கி, 10 த்ரீ, 32 பாயின்ட். அந்தப் பையன் அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் இருந்தது ஹில்ஸ்டேல்ங்கிற டிவிஷன் டூ காலேஜ். எனக்கு அன்னைக்கு நெஞ்சு வலிச்சுது, ஆனா உங்க பையன் கிட்ட அந்தப் பேரைச் சொல்லுங்க.

ஹூஸ்டன்_சுபா

மாமா, கோல்கி வீடியோ அவன் ஃபோன்ல ஏற்கனவே இருக்காம், இப்பதான் காட்டுனான். எல்லாருக்கும் நன்றி. ஒரு டிவிஷன் டூ காலேஜ்ல இருந்து கூப்பிட்டிருக்காங்க, அந்த கோச் ஃபோன்ல முதல்ல கேட்டது நாலு வருஷமும் இருப்பியான்னுதான். வர்ற சனிக்கிழமை காலைல கிளம்புறோம், ஆறு மணி நேரம் டிரைவ். ஷூவை இப்பவே பையில எடுத்து வெச்சுட்டான்.